வாலன், குவைத்தான், நான் கழற்றிய குழாய்

எங்கள் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரே சண்டை. மார்த்தாண்டத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் சுபின்தான் திரியைக் கொளுத்தினான். "தாசண்ணா, வாலன் நல்லதா, குவைத்தான் நல்லதா? ஒத்த வார்த்தையில சொல்லணும் கேட்டியளா" என்று போட்டிருந்தான். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் இருபது பேர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதில் பாதிப் பேர் அந்த இரண்டு வண்டிகளின் பானட்டையும் திறந்து பார்த்தவர்கள் இல்லை. ஒருத்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை மட்டும் போட்டிருந்தான். எந்த வண்டிக்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாது, சுபினே. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று சிணுங்காதே.

இரண்டும் ஒரே ஜெர்மன் கம்பெனியின் கார்கள். மூக்கில் நட்சத்திரம் வைத்த கம்பெனி என்றால் போதும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் டீசல், இரண்டும் நாலு சிலிண்டர், இரண்டும் கனகபாய் டீச்சருடைய வீட்டு வண்டிகள். மூத்தது 190 டி. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த டீச்சருடைய அப்பா அறுபதுகளில் வாங்கியது. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு போல இரண்டு சின்ன வால்கள் எழுந்து நிற்கும். அதனால் ஒர்க்ஷாப்பில் அதன் பெயர் வாலன். இளையது 240 டி. டீச்சருடைய கணவர் ஜெபமணி சார் குவைத் வேலையை விட்டு வந்தபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. அதன் பெயர் குவைத்தான்.

போன மாதம் வாலனுடைய உயிர் ஒரு காகிதத்தில் தொங்கியது. பழைய வண்டிகளுக்குக் கொடுக்கும் தனிப் பதிவு வாங்க வேண்டுமானால், உள்ளே இருப்பது பிறந்தபோது இருந்த எஞ்சின்தான் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது ரோட்டுக்கு வர முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மகன், பதிவு கிடைக்கவில்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். டீச்சருக்கு எண்பது நெருங்குகிறது. இன்றும் ஞாயிறு ஆராதனைக்கு வாலனைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவர். வேறு யார் ஓட்டினாலும் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை மிதிப்பார். அவரிடமிருந்து அந்த வண்டியைப் பிடுங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதம் எது என்றும் எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் மக்கி மண்ணாகப் போயிருக்க வேண்டும் என்று முப்பது வருடமாக வேண்டிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். வடசேரியில் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் நாலு வருடம் கிரீஸ் துடைத்தேன். பிறகு குவைத் போய்ப் பதினோரு வருடம் டாக்சி கம்பெனி ஒன்றின் ஷெட்டில் இருந்தேன். அங்கே வரிசையாக நின்றவை எல்லாம் 240 டி. அந்தப் பதினோரு வருடமும் வேறு எஞ்சினைக் கையால் தொட்டதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போல்ட் எங்கே இருக்கிறது என்று சொல்வேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நாகர்கோவிலில் நான் சேர்ந்த ஒர்க்ஷாப்பை நடத்தியவர் விமலகுமாரி மேடம். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும், பாலிடெக்னிக் படித்த மகள் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னைவிட ஏழு வயது இளையவர். என்னை "அண்ணே" என்பார், நான் "மேடம்" என்பேன். பெண்ணின் கீழ் வேலையா என்று ஊரில் கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் நானும் அதையே கேட்டுக்கொண்டுதான் போனேன். இந்தப் பெண் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு கார்டு இருந்தது. எந்த வண்டி வந்தாலும் ஸ்பானர் எடுப்பதற்கு முன்னால் கார்டு எழுத வேண்டும். முதலில், வண்டிக்காரர் சொன்னது. அவர் வாயிலிருந்து வந்த சொல்லே இருக்க வேண்டும். "புகை" என்று நாம் திருத்தக் கூடாது. அவர் "கறுப்பா மூச்சு விடுது" என்று சொன்னால் அதையே எழுத வேண்டும். அதன் கீழே, நான் பார்த்தது. அதற்கும் கீழே, நான் தொட்டது. சரி செய்தது என்று அவர் தலைப்பு வைக்கவில்லை. தொட்டது. வண்டியில் கை பட்ட இடம் எல்லாவற்றையும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் சொந்தக் கையெழுத்தில் எழுதிவிட்டுப் போக வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் கிழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே இருக்கும் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும்.

எஞ்சினை இறக்க வேண்டிய வேலையென்றால் இன்னொன்றும் உண்டு. எஞ்சின் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து கார்டில் ஒட்டுவார். வேலை முடிந்து எஞ்சின் திரும்ப ஏறியதும் இன்னொரு அச்சு, பக்கத்திலேயே. "நம்மகிட்ட தந்த எஞ்சினைத்தான் நாம திருப்பித் தந்தோம்னு அவங்களுக்குத் தெரியண்டாமா?" என்பார். எனக்கு அதெல்லாம் வேலையில்லாத வேலையாகத் தெரிந்தது. குவைத்தில் ஒரு நாளைக்கு எட்டு வண்டி பார்த்தவன் இங்கே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது குவைத்தான். ஜெபமணி சார் சொன்னதாகக் கார்டில் இருந்தது: "சாவிய எடுத்தாலும் நிக்க மாட்டேங்குது. வீட்டுக்குள்ள போயி காப்பி குடிச்சிட்டு வந்தா அதும்பாட்டுக்கு ஓடிட்டிருக்கு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பழைய தோழன்! பானட்டைத் திறக்காமல் நேராகப் பின் கதவுக்குப் போனேன். கதவு அட்டையைக் கழற்றி, பூட்டுக்குள் கிழிந்திருந்த ஒரு சின்ன ரப்பரை மாற்றினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சட்டென்று நின்றது. ஜெபமணி சார் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த வண்டியில் கதவுப் பூட்டும் காற்று இழுவையில்தான் வேலை செய்யும், எஞ்சினை நிறுத்துவதும் அதே இழுவைதான். எஞ்சினில் ஒரு பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பினால் அந்த இழுவை ஒரு மெல்லிய குழாய் வழியாகப் போய் டீசலை அடைக்கும். கதவில் எங்காவது ஓட்டை விழுந்தால் இழுவை அங்கே ஒழுகிப் போய்விடும், எஞ்சின் நிற்காது. கோபப்படாமல், குதிக்காமல், நிதானமாக ஓடிக்கொண்டே இருக்கும். பானட்டைத் திறந்து ஒரு சிவப்பு லிவரை அமுக்கினால் நின்றுவிடும். தப்பு நடந்தால்கூட ஆபத்து இல்லாமல் நடக்கட்டும் என்று எவனோ யோசித்து வைத்திருக்கிறான். அவன் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் என்று எனக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது.

குவைத்தானின் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ரோட்டில் முந்துவதென்றால் வலது பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை டீச்சருடையது. "வாருங்க, வாருங்க... நில்லுங்க, பஸ்ஸு!" என்று அவர் சொல்லச் சொல்ல சார் ஓட்டுவார். இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு எந்த லாரியையும் முந்த முடியாது என்று சாரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வண்டி இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியதும், டீச்சர் வாலனைக் கொண்டுவந்தார். தானே ஓட்டி வந்து, கேட்டுக்குள் ஒரே வளைவில் திருப்பி நிறுத்தினார். நான் அப்படி ஒரு வண்டியில் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. வேகம் காட்டும் முள் கிடையாது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு பட்டை. வேகம் கூடக் கூட மஞ்சள் மேலே ஏறும், இன்னும் மிதித்தால் சிவப்பாகும். கியர் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்தில். கிளப்புவதற்கு ஒரு குமிழ். பாதி இழுத்துப் பிடித்தால் டாஷ்போர்டில் ஒரு சின்னச் சுருள் மெல்லச் சிவக்கும். சிவந்த பிறகு மீதியையும் இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு சுருளை வைத்து நம் கண் முன்னால் காட்டிவிடுகிறான். கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் மூன்று தடவை திறந்து சாத்தினேன். டீச்சர், "கதவு நல்லாத்தான் இருக்கு தாசையா, நீரு எஞ்சினைப் பாரும்" என்றார்.

கார்டில் டீச்சர் சொன்னது: "நிக்கும்போ மூச்சு ஏறி ஏறி இறங்குது." நான் பார்த்தது: சும்மா ஓடும்போது வேகம் கூடிக் குறைகிறது, கறுப்புப் புகை.

மேடம் முறைப்படி டிக்கியைக் காலி செய்து கணக்கெடுத்தார். டீச்சர் வீட்டு ரப்பர் ஷீட் ஆறு இருந்தது. மார்த்தாண்டத்துக் கடையில் போட ஏற்றியதை இறக்காமலே இங்கே வந்திருக்கிறார். ஷீட்டுகளை ஓரத்தில் ஸ்டூலின் மேல் அடுக்கினோம். வண்டியை நிறுத்துவதற்கு டாஷ்போர்டிலிருந்து பம்புவரை போகும் கம்பி இறுகிக் கிடந்ததால், அதைக் கழற்றி எண்ணெயில் போட்டேன். காற்று வடிகட்டியையும் எடுத்து வைத்தேன். அந்தக் கம்பி இல்லாமல் குமிழும் வேலை செய்யாது என்பதால் வண்டியைத் தள்ளிக் கிளப்பச் சொன்னேன். ஓடியது, மூச்சு ஏறி இறங்கியது. காற்று போகும் வாயிலிருந்து டீசல் பம்புக்குச் சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு ரப்பர் குழாய் போய்க்கொண்டிருந்தது. ஆகா, இழுவைக் குழாய்! குவைத்தில் ஆயிரம் தடவை செய்ததைச் செய்தேன். கிளிப்பைத் தளர்த்தி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எஞ்சின் ஓட ஓடவே குழாயை உருவினேன்.

குவைத்தானில் அந்தக் குழாயை உருவினால் எஞ்சின் நிற்காது, அவ்வளவுதான். வாலனில் அதன் வேலை நேர் எதிர். பம்புக்குள் ஒரு தோல் சவ்வு. குழாயில் இழுவை இருக்கும்வரை அந்தச் சவ்வுதான் டீசலை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். இழுவை போனால் பிடி விட்டுவிடும், டீசல் முழுதாகப் பாயும். அப்பன் வாலனுக்கு உயிரைப் பிடித்து வைக்கும் குழாய், மகன் குவைத்தானுக்கு உயிரை நிறுத்தும் குழாய். பார்வைக்கு இரண்டும் ஒன்று.

எஞ்சின் அலறியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தரை அதிர்ந்தது, ஷெட் முழுவதும் கறுப்புப் புகை. சாவியைத் திருப்ப ஓடினேன். வாலனில் சாவிக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்? சிவப்பு லிவரைத் தேடினேன். இந்த வண்டியில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நிறுத்தும் கம்பியோ எண்ணெய்ச் சட்டியில் கிடக்கிறது. குழாயைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று ஒரு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

மேடம் ஓடவில்லை. நடந்துதான் வந்தார். வரும் வழியில் ஸ்டூலிலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டை எடுத்து இரண்டாக மடித்து, காற்று போகும் வாயின் மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். ஷீட் உள்ளே குழிந்தது. எஞ்சின் ஒரு இருமல் இருமி, குலுங்கி, நின்றது. வெறும் கையை வைத்திருந்தால் உள்ளங்கைத் தோல் பிய்ந்திருக்கும்.

மேடம் சவ்வையும் குழாயையும் ஒருமுறை பார்த்தார், குழாயை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டினார், நிறுத்தும் கம்பியைத் தானே பூட்டினார், மறுபடி கிளப்பச் சொன்னார். ஒரு மரக்கட்டையின் ஒரு நுனியை எஞ்சினிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக் கேட்டார். எனக்குக் கட்டை தேவைப்படவில்லை. டொக், டொக், டொக். "மூணாவது சிலிண்டர், அடி பேரிங்" என்று சொல்லிவிட்டு எஞ்சினை நிறுத்தினார். குவைத்தான் எஞ்சினில் கிராங்கு என்கிற சுழல் தண்டுக்கு ஐந்து பேரிங் தாங்கல். வாலனுக்கு மூன்றே மூன்று. அந்தக் காலத்து அளவான ஓட்டத்துக்கு அது போதும், என் அறிவுகெட்ட வேலைக்குப் போதாது.

"கார்டை எடுங்க அண்ணே. தொட்டதை எழுதுங்க."

எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "ஓடும்போது குழாய் தானே கழன்றது." கை நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வெட்கம். பதினோரு வருடத்துப் பெயர் போய்விடுமே என்கிற பயம் பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதியது.

மேடம் படித்தார். கார்டை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"தானே கழன்றுச்சா?"

"ஆமா மேடம். பழைய குழாய்லா."

"கிளிப்பு எங்க அண்ணே?"

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. மேடம் அந்தக் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கீழே எழுதினேன்: "எஞ்சின் ஓடும்போது கிளிப்பை எடுத்துக் குழாயை நான் கழற்றினேன். இந்த வண்டியின் முறை எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்தேன்."

மறுநாள் டீச்சரும் சாரும் வந்தார்கள். மேடம் ஒன்றும் விளக்கவில்லை, கார்டை டீச்சரிடம் கொடுத்தார். நான் அங்கேயே நின்றேன். டீச்சர் முழுவதும் படித்தார், கோடு போட்ட வரியையும் சேர்த்து. சார்தான் முதலில் பேசினார். "இதுக்குப் போயி மெனக்கெடண்டாம். நம்ம குவைத்தானுக்க எஞ்சினையே இஞ்ச ஒரு கம்பெனிக்காரன் லைசன்ஸ் வாங்கிச் செய்து வேன்ல வச்சு ஓட்டுதான்லா. அதுல ஒண்ணை எடுத்து இதுல ஏத்தும். மூணு நாளு சோலி."

தப்பான யோசனை இல்லை. அப்போது எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். நல்ல எஞ்சின், எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மூன்று நாளில் என் தப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

"அது அப்பாக்க வண்டியாக்கும்" என்றார் டீச்சர். "அதுல வேன் எஞ்சின் சத்தம் கேட்டா எனக்கு ஓட்டத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தார். "இதை எழுதினது நீருதானா?"

"ஆமா டீச்சர்."

"ரெண்டு வரியையும்?"

"ரெண்டையும் நான்தான்."

"அப்ப நீரே சரியாக்கும். எத்தனை மாசம் ஆனாலும் செரி."

நாலு மாதம் ஆனது. எஞ்சினை இறக்குவதற்கு முன் மேடம் எண்ணைப் பென்சிலால் அச்செடுத்து ஒட்டினார். பேரிங்குக்காகப் பம்பாய்க் கடைகளுக்கு எழுதிப் போட்டோம். தோல் சவ்வு புதிதாக வந்ததும் எண்ணெயில் ஊறப்போட்டோம். காய்ந்தால் அது விறைத்துவிடும், அதுதான் டீச்சர் சொன்ன மூச்சுக் கோளாறு. ஒரு போல்ட்டை நான் அளவாக முறுக்கினால் மேடம் வந்து அதே அளவை வைத்து மறுபடி பார்த்து, தலையில் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்னை நம்ப மாட்டியளா மேடம்?"

"அண்ணே, நான் முறுக்கினா நீங்க புள்ளி வைங்க" என்று ரெஞ்சை நீட்டினார். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு போல்ட். அவர் முறுக்கியதை நான் பார்ப்பேன், நான் முறுக்கியதை அவர் பார்ப்பார். வேலையில் மரியாதை என்றால் என்ன என்பது எனக்கு அந்த வெள்ளைப் புள்ளிகளில்தான் விளங்கியது.

அந்த நாலு மாதத்தில் வாலனை நான் அக்கக்காக அறிந்தேன். குவைத்தானைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற அவசரக்காரர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். நாம் தப்பு செய்வோம் என்று தெரிந்து, அதைத் தாங்கிக்கொள்ளும்படி செய்த வண்டி அது. வாலனைச் செய்தவர்கள், ஓட்டுகிறவனும் தங்களைப் போலவே பொறுமைசாலி என்று நம்பிச் செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் பிறந்தும் சுபாவம் வேறு. இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப் போனது.

முதல்முறை கிளப்பும் நாளில் டீச்சரையே உட்காரச் சொன்னார் மேடம். என் கையில் ஒரு ரப்பர் ஷீட்டைக் கொடுத்தார். "இதைப் பிடிச்சிட்டு நில்லுங்க அண்ணே" என்றார். சிரிக்கவே இல்லை. டீச்சர் குமிழைப் பாதி இழுத்தார். சுருள் சிவந்தது. முழுதும் இழுத்தார். இரண்டு சுற்றில் பிடித்து, அடங்கி, ஒரே சீராக ஓடியது. நான் அந்த ஷீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். எல்லோருக்கும் முன்னால்தான் அழுதேன். மேடம் இரண்டாவது அச்சை எடுத்து ஒட்டிவிட்டுக் கார்டை மூடினார். மறுநாள் ஆரல்வாய்மொழிவரை ஓட்டிப் பார்த்தோம். கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். வாலன் வாலை லேசாக ஆட்டியது, டீச்சர் இரண்டு விரலால் சரி செய்தார்.

அந்தக் கார்டு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களே என்கிற பயம்.

போன மாதத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கு டீச்சர் வாலனை ஓட்டிவர, நான் குவைத்தானில் பின்னால் போனேன். சுபின் வலது பக்கம் இருந்து "வாருங்கண்ணா, வாருங்க" என்று சொன்னான். வாலனைப் பார்க்க நம் குழுவில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஆய்வாளர் இளவயதுக்காரர், மரியாதையான ஆள். எஞ்சின் எண்ணைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். துரு அரித்துக் கடைசி மூன்று எண்கள் போயிருந்தன. முந்தைய புதுப்பித்தல்களில் யாரும் இவ்வளவு குனிந்து பார்த்ததில்லை.

"மன்னிச்சிருங்கம்மா. இது அதே எஞ்சின்தான்னு நான் எப்படி எழுதறது? இந்த மாதிரி வண்டியில முக்கால்வாசி எஞ்சின் மாத்தினதுதான்."

டீச்சர் ஸ்டியரிங்கை விடவில்லை. பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது. "என்னை இதுல இருந்து இறக்கணும்னா நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். பிறகு கையுறைப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். உள்ளே இருப்பது மேடத்தின் அந்தக் கார்டு என்று உறையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குவைத்தானின் பானட்டில் சாய்ந்துகொண்டேன்.

ஆய்வாளர் இரண்டு பென்சில் அச்சுகளையும் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்து எண்ணோடு ஒத்துப்போயின. எஞ்சினில் மிச்சமிருக்கும் எண்களின் வளைவு அச்சோடு பொருந்தியது. ஆனாலும் தயங்கினார். "பேப்பர்தானே, நேத்து எழுதியிருந்தாலும் தெரியாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே படித்தார். சத்தமாகப் படித்தார்.

"நான் தொட்டது. ஓடும்போது குழாய் தானே கழன்றது... இதை அடிச்சிருக்கு. எஞ்சின் ஓடும்போது கிளிப்பை எடுத்துக் குழாயை நான் கழற்றினேன். இந்த வண்டியின் முறை எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்தேன். தாசையன்."

ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். இவர்கள்தான் நான் சொன்னால் வேதவாக்கு என்று நம்புகிறவர்கள்.

"யாரு தாசையன்?"

"நான்தான் சார்."

ஆய்வாளர் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போலி செய்யறவன் நல்லதா நாலு வரி எழுதுவான். பொய்யை எழுதி, அடிச்சு, கீழ தன்னையே மாட்டிவிட்டு எவனும் போலி செய்ய மாட்டான்." பேனாவை எடுத்தார். "பேரிங் மாற்றப்பட்டது, எஞ்சின் அதுவே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கோடு போட்ட வரிக்குத்தான் தாசையா நான் இதைப் பத்திரமா வச்சிருந்தேன்" என்றார். "பரீட்சைத் தாள்ல தப்பை அடிச்சிட்டு ஒழுங்கா எழுதின பிள்ளைக்கு நான் மார்க் குறைச்சதே இல்ல."

சுபினே, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். தெரியாதவன் கையில் கொடுப்பதென்றால் குவைத்தான் நல்லது. தெரியும் என்று நினைப்பவன் கையில் கொடுப்பதென்றால் வாலன் நல்லது. இரண்டே நிமிடத்தில் அவனைத் திருத்திவிடும்.

அன்று அங்கேயே கார்டைப் போட்டோ எடுத்து, இப்போது பெங்களூரில் மகளோடு இருக்கும் மேடத்துக்கு அனுப்பினேன். "வாலன் பாஸாயிட்டான் மேடம். உங்க கார்டுதான் காப்பாத்திச்சு" என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. என்னவோ எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார். கடைசியில் ஒரே வரி வந்தது.

"கிளிப்பு எங்க அண்ணே?"

நடு வெயிலில், அத்தனை பேருக்கும் முன்னால், என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது.